உப்பங்கரைக்கு ஒரு புத்தகத் தட்டு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தனர். ஆனால் அந்த உப்பை வெயிலில் நின்று வாரிக் குவித்தவரை நினைக்க வேண்டும் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. இந்தக் குறை நம் உள்ளத்தில் உறைத்தது ஒரு தணிக்கை நாளில். அதைச் சொல்லி, அதற்கு நமக்குத் தோன்றிய பரிகாரத்தையும் அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அலமாரியும் ஒரு கேள்வியும்

சென்ற ஐப்பசியில் மரக்காணம் கடற்கரையைச் சார்ந்த சங்கம் ஒன்றின் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இந்நிலை பல சங்கங்களுக்கும் பொதுவானதே. அடைமழை பெய்துகொண்டிருந்தது. பக்கிங்காம் கால்வாய் கரை தொட்டு ஓடியது. கோடையில் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் பாத்திகள் வரப்புத் தெரியாமல் மூழ்கி ஒரே ஏரியாகக் காட்சியளித்தன. தை, மாசியில் தொடங்கிய வேலை புரட்டாசியோடு நின்றுவிட்டது. இனி மழை ஓய்ந்து சேறு இறுகும் வரையில் உப்பளத்தாருக்கு வருமானமும் இல்லை, வேலையும் இல்லை.

இருப்புப் பட்டியலைச் சரிபார்க்கும்போது, "புத்தகங்கள் 212, அலமாரி 1" என்ற பதிவு கண்ணில் பட்டது. அலமாரிச் சாவியைத் தேடியெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. கடற்காற்றின் உப்பு ஏறி இரும்புத் தட்டுகள் துருப்பிடித்திருந்தன; புத்தகங்களின் அட்டைகள் உப்பிப் பிரிந்திருந்தன. வழங்கல் பதிவேட்டில் மொத்தம் ஐந்தே பதிவுகள். அவற்றிலும் மூன்று காரியதரிசி பெயரில் இருந்தன.

கடன் தவணை பற்றிக் கேட்க வந்திருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் வாயிற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளாக உப்பு வாரும் கை அவருடையது.

"ஐயா, இத்தனை புஸ்தகத்திலே உப்பைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்தோம். போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இருந்தன. பொது அறிவுக் களஞ்சியங்கள் இருந்தன. அரசர் கதைகளும் சோதிட நூல்களும் இருந்தன. உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

"இல்லை பெரியவரே" என்றோம்.

"அதான் பார்த்தேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று நம் அறிக்கையில், "நூல்கள் இருப்புச் சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். கணக்குச் சரியாகவே இருந்தது. காரியந்தான் சரியாக இல்லை.

சங்கத்துக்கு நூல் எதற்கு?

கடன் கொடுப்பதும் சரக்கு விற்பதும் சங்கத்தின் வேலை. புத்தகம் பள்ளிக்கூடத்தின் வேலை என்று எண்ணும் அங்கத்தினர் உண்டு. அவர்கள் நம் இயக்கத்தின் தொடக்கத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூடிய 28 பேரில் நெசவாளர் பலர் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் வைத்துக் கடை திறந்த அவர்கள், சில ஆண்டுகளுக்குள் கடைக்கு மேல்மாடியில் படிப்பகத்தையும் திறந்தார்கள். பின்னர் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். வயிற்றுக்கு வேண்டியதைக் கீழ்த்தளத்திலும் அறிவுக்கு வேண்டியதை மேல்தளத்திலும் வைத்த அந்த ஏற்பாட்டின் வழியில் வந்ததே, நம் சங்கங்கள் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தும் முறையும்.

நம் நாட்டிலும் முன்னோடிகளுக்குக் குறைவில்லை. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலக இயலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல் இருப்பது பூட்டி வைக்க அன்று, பயன்படுத்தவே என்பதே அவற்றின் அடிப்படை. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடி மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. எருது பூட்டிய வண்டியில் புத்தகங்களை ஏற்றி, ஊர் ஊராகச் சென்று குடியானவர் கையில் கொடுத்தார்கள். உப்பு வண்டி போன வழியில் புத்தக வண்டியும் போயிற்று என்று நாம் எண்ணி மகிழலாம். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்திய நாட்டின் மாகாணங்களில் அதுவே முதலாவது. அச்சட்டத்தின் பயனாக, வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். ஆகவே பொது நூலகத்தில் நாம் ஒவ்வொருவரும் பங்குதாரர். பங்குத்தொகை செலுத்திவிட்டுச் சங்க வாயிலையே மிதிக்காத அங்கத்தினரை நாம் கடிந்துகொள்கிறோம். நூலக வரி செலுத்திவிட்டு நூலக வாயிலை மிதிக்காத நம்மை யார் கடிந்துகொள்வது?

பொருள் ஒன்று, தட்டு ஒன்று

கல்லூரி நூலகங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது பற்றிய நூல்களை எல்லாம் ஒரு தனித் தட்டில் முகப்பில் வைத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் சில வரிகள் எழுதி ஒட்டுவார்கள். ஆயிரம் நூல்களுக்கிடையில் திகைத்து நிற்பவன், பத்து நூல்களைக் கண்டவுடன் ஒன்றைக் கையில் எடுப்பான். நம் சங்கங்களுக்கும் இவ்வழக்கம் பொருந்தும். பூட்டிய அலமாரியில் 212 நூல்கள் இருப்பதைக் காட்டிலும் திறந்த தட்டில் எட்டு நூல்கள் இருப்பது மேல்.

அம்முதியவரின் கேள்விக்கு விடையாக, உப்பு என்னும் ஒரே பொருளை வைத்து நாம் தேர்ந்த தட்டு இது.

முதலாவது, பத்துப்பாட்டில் அடங்கிய சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளே உடைய சிறு நூல். இதைப் பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டு நல்லூரைச் சார்ந்தவர். பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் ஓய்மா நாட்டை ஆண்டவன். அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தில் அடங்கியுள்ளது. நூலில் வரும் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கரையில் கிடக்கின்றன. அவற்றையே விறகாக எரித்து, வந்த விருந்தினருக்கு நுளையர் வீட்டில் மீன் சுட்டுத் தருகிறார்கள். இதே நூலில் உப்பு வணிகரான உமணரின் வண்டித் தொடரும் வருகிறது. அவர்களோடு கூடவே வந்த மந்தி ஒன்று, உமணச் சிறுவரோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. நம் கரையைப் பற்றி இத்தனை பழைய சான்று இருப்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றினார். மூலம் கடினமாகத் தோன்றினால், எளிய பொழிப்புரையுடன் கூடிய பதிப்பை வாங்கலாம்.

இரண்டாவது, புறநானூறும் அகநானூறும். இரண்டையும் முழுதும் படிக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டைக் குறித்து வைத்தால் போதும். புறநானூற்றின் 102ஆம் பாட்டு ஔவையார் பாடியது. உப்பு ஏற்றிச் செல்லும் உமணர், வழியில் மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்கூட்டியே எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைப்பார்களாம். அதற்குப் பெயர் சேம அச்சு. நம் சங்கக் கணக்கில் சேம நிதி என்று ஒரு தலைப்பு இருப்பதை அங்கத்தினர் அறிவர். இலாபத்தை முழுதும் பங்கிட்டுக் கொடுத்தால் என்ன என்று பேரவைக் கூட்டத்தில் எழும் கேள்விக்கு, உமணர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கட்டி வைத்திருக்கிறார்கள். அகநானூற்றின் 140ஆம் பாட்டில், அம்மூவனார் காட்டும் உப்பு விற்கும் பெண், நெல்லுக்குச் சம அளவில் உப்பை விலை கூறுகிறாள். இன்று அளத்தடியில் உப்புக்குக் கிடைக்கும் விலை, நெல் விலைக்கு அருகே கூட வருவதில்லை. இடையில் நடந்தது என்ன என்று சிந்திக்க இப்பாட்டு ஒன்றே போதும்.

மூன்றாவது, ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்'. 1979இல் வெளிவந்த இந்நாவல், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்வது. ஆசிரியர் சென்னையில் அமர்ந்து கற்பனை செய்தவர் அல்லர். அளங்களுக்கே சென்று, தொழிலாளரோடு பழகி, அவர்கள் சொல்லக் கேட்டு எழுதியவர். பொன்னாச்சி என்னும் இளம்பெண் வழியாக, அளத்து வேலையும், கண்ணைக் குருடாக்கும் வெள்ளொளியும், காலை அரிக்கும் உப்பு நீரும், குடிநீருக்குப் படும் பாடும், காண்டிராக்டரின் ஆதிக்கமும், பெண் தொழிலாளர் படும் சிறுமையும் நம் கண் முன் வருகின்றன. படிக்கும்போது இனிமையாக இராது. சில பக்கங்களில் கோபமும் வரும். தட்டில் ஒரே ஒரு நூலுக்குத்தான் இடம் என்றால் இதையே வைப்போம். ஆசிரியரின் நூல்களை அரசு 2009இல் நாட்டுடைமை ஆக்கியதால், இதைப் பெறுவதும் எளிது.

நான்காவது, ராய் மாக்சம் என்னும் ஆங்கிலேயர் எழுதி, சிறில் அலெக்ஸ் தமிழாக்கிய 'உப்பு வேலி'. லண்டனில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலொன்றின் அடிக்குறிப்பு, இவரை இந்தியாவுக்கு இழுத்து வந்தது. உப்பு வரி கொடாமல் உப்பு கடத்துவதைத் தடுக்க, ஆங்கில ஆட்சி நாட்டின் குறுக்கே ஒரு சுங்க எல்லையை அமைத்திருந்தது. 1869இல் அது சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதிப் பக்கம் வரை 2,300 மைல் நீண்டது. ஏறத்தாழ 12,000 பேர் அதைக் காத்தனர். அதன் பெரும் பகுதியில் இலந்தையும் கருவேலும் கள்ளியும் நட்டு, மனிதர் நுழைய முடியாத முள்வேலியாகவே வளர்த்திருந்தார்கள். 1879இல் அது கைவிடப்பட்டது. பின்னர் மக்கள் அதை மறந்தே போனார்கள். வேலி போயிற்றே அன்றி வரி போகவில்லை. உப்பு வரி ஒழிந்தது 1947இல்தான்.

இந்நூலைப் படித்தவர்க்கு, 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாகிரகம் ஏன் நாட்டையே உலுக்கியது என்பது விளங்கும். காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தது ஏப்ரல் 6ஆம் நாள். இராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டருடன் ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 150 மைல் நடந்து, 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தார். 30ஆம் நாள் அங்கே உப்புச் சட்டத்தை மீறினார். தொண்டருக்கு உணவும் தங்க இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் எச்சரித்திருந்தும், ஊர் மக்கள் மறைவாக உணவளித்தார்கள். இங்கு வாசகருக்கு ஒரு குறிப்பு. உப்புச் சத்தியாகிரக வரலாற்றைத் தேடிக் காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை எடுப்போர் ஏமாறுவர். அந்நூல் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஐந்தாவது, தொ. பரமசிவன் எழுதிய 'அறியப்படாத தமிழகம்'. 1997இல் வெளிவந்த சிறு கட்டுரைகளின் தொகுதி. அன்றாடம் நாம் உண்ணும் பொருளிலும் உடுத்தும் உடையிலும் வழங்கும் சொல்லிலும் எத்தனை வரலாறு மறைந்திருக்கிறது என்பதை எளிய நடையில் காட்டுவது. ஒவ்வொரு கட்டுரையும் சில பக்கங்களே. வாய்விட்டுப் படித்துப் பலர் கேட்பதற்கு இதைப் போல் ஏற்ற நூல் அரிது.

தறிக்கும் வயலுக்கும்

இவ்விதழை வாசிப்போரில் பலர் நெசவாளரும் விவசாயிகளும் ஆவர். உப்பங்கரைத் தட்டு தமக்கு எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். பொருளை மாற்றிக்கொண்டால் முறை ஒன்றே. நெசவாளர் சங்கத் தட்டில் முதலில் வைக்கத்தக்கது தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்'. 1953இல் வெளிவந்த இந்நாவல், அம்பாசமுத்திரம் பகுதிக் கைத்தறி நெசவாளர் நூல் கிடைக்காமலும் நெய்த துணி விலை போகாமலும் பட்ட துயரைச் சொல்வது. செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற அமைப்புகள் எந்தத் துயரைத் துடைக்க எழுந்தன என்பதை, ஆண்டறிக்கைகளைவிட இக்கதை தெளிவாக உணர்த்தும்.

விவசாயிகளுக்கு, 'கரிப்பு மணிகள்' எழுதிய ராஜம் கிருஷ்ணனே தஞ்சை வட்டார விவசாயத் தொழிலாளரைப் பற்றி எழுதிய 'சேற்றில் மனிதர்கள்' இருக்கிறது. கோ. நம்மாழ்வாரின் 'உழவுக்கும் உண்டு வரலாறு' என்னும் நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வயல்களில் உப்பைக் கொட்டிச் சென்றபின், நாகப்பட்டினம் பகுதியில் அம்மண்ணை மீட்கப் பாடுபட்டவர் அவர். உப்பு நமக்கு விளைச்சல். நம் பக்கத்து வயலுக்கோ அது பகை. இதை இரு தரப்பாரும் ஒருசேர அறிந்துகொள்வது நலம்.

நடத்தும் முறை

நூல் வாங்குவது எளிது. படிக்கச் செய்வதே அரிது. நாம் கண்ட அளவில் சில யோசனைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, தட்டு திறந்தே இருக்க வேண்டும். புத்தகம் காணாமற் போகும் என்று அஞ்சிப் பூட்டினால், புத்தகம் இருக்கும். வாசகர் காணாமற் போவர். அழுக்குப் படிந்து மூலை மடிந்த புத்தகம் சங்கத்துக்கு நட்டம் அன்று. அது படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

இரண்டாவது, கடற்கரைச் சங்கங்களுக்கு இரும்பு அலமாரி ஏற்றதன்று. மரத் தட்டே நல்லது. சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்து, மழை ஓய்ந்த நாட்களில் புத்தகங்களை எடுத்து நிழலில் காற்றாட விரித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, காலம் அறிந்து தொடங்க வேண்டும். அளத்தில் வேலை நடக்கும் மாதங்களில் விடியுமுன் எழுந்து செல்பவரிடம் மாலையில் புத்தகத்தை நீட்டினால் உறக்கமே வரும். ஐப்பசி முதல் மார்கழி வரை பாத்திகள் நீரில் கிடக்கும் மாதங்களே உப்பளத்தாரின் படிக்கும் பருவம். நெசவாளருக்கும் மழைநாளில் பாவு ஓட முடியாமல் வேலை தடைப்படுவது உண்டு.

நான்காவது, இது எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் ஏற்பாடு வேண்டும். பல ஆண்டுகள் வெள்ளொளியைப் பார்த்த கண்களுக்குச் சிறிய எழுத்து தெரிவதில்லை. எழுத்தறியாத மூத்தோரும் உண்டு. வாரம் ஒரு மாலை, அங்கத்தினர் வீட்டுப் பள்ளிப்பிள்ளை ஒருவர் அரை மணி நேரம் வாய்விட்டுப் படித்தால், நூல் ஒன்று. பயன் பெறுவோர் இருபது.

ஐந்தாவது, எல்லாவற்றையும் சங்கமே வாங்க வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள பொது நூலகத்தில் இருப்பவற்றை எடுத்துவரலாம். இல்லாதவற்றை வாங்கும்படி எழுத்து மூலம் வேண்டலாம். பல அங்கத்தினர் ஒப்பமிட்ட வேண்டுகோளுக்கு உள்ள வலிமையைக் கூட்டுறவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு மார்கழி மாலை

மார்கழியில் மீண்டும் அச்சங்கத்துக்குச் செல்ல நேர்ந்தது. இம்முறை 'கரிப்பு மணிகள்' ஒரு படி கையில் கொண்டு சென்றோம். சங்கத் தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினர். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி நாவலிலிருந்து சில பக்கங்கள் படித்தாள். முதலில் தயங்கித் தயங்கிப் படித்தவள், அளத்து வேலை வரும் இடத்தில் தடையின்றிப் படித்தாள். அது அவள் வீட்டில் தினமும் கேட்டது அல்லவா? ஐப்பசியில் கேள்வி கேட்ட முதியவரும் ஓரமாக உட்கார்ந்து கேட்டார்.

முடிந்ததும் அவர் சொன்னார்: "தூத்துக்குடிப் பக்கம் சில பேருங்க வேற மாதிரி சொல்றாங்க. இங்கே அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனா கண்ணு எரியறது ஒண்ணுதான் ஐயா."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "நம்ம அளத்தை யாரு எழுதுவாங்க?" என்றார்.

அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் முடியவில்லை. ஆனால் ஒன்று செய்தோம். சங்கச் செலவில் கோடு போட்ட தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, அந்தத் தட்டின் கடைசியில் வைக்கச் சொன்னோம். எந்த ஆண்டில் மழை முந்தி வந்தது, எந்தப் புயலில் எத்தனை பாத்தி கரைந்தது, எந்த மாதம் மூட்டை என்ன விலை போயிற்று, இவ்வூரில் எந்தக் கருவிக்கு எந்தப் பெயர் என்பவற்றை மூத்தோர் சொல்ல, பிள்ளைகள் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. முதற்பக்கத்தில் அப்பெண் அன்றைய தேதியையும் முதியவர் சொன்ன ஆறு சொற்களையும் எழுதினாள்.

ஆறு சொற்கள் பெரிதன்று. ஆனால் 212 புத்தகங்களிலும் இல்லாதது அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

அங்கத்தினர் அனைவரையும் நாம் வேண்டுவது இதுவே. வரும் பேரவைக் கூட்டத்தில் ஒரு தட்டுக்கு ஒப்புதல் கேளுங்கள். அதற்காகும் செலவு, அக்கூட்டத்தின் தேநீர்ச் செலவுக்குப் பெரிதும் மேற்படாது. உங்கள் தொழில் எதுவோ அதையே பொருளாகக் கொள்ளுங்கள். அடுத்த முறை தணிக்கைக்கு வரும்போது நாம் புத்தக இருப்பை எண்ண மாட்டோம். வழங்கல் பதிவேட்டையே முதலில் கேட்போம்.